கர்ப்பப்பையை எடுப்பதா, வைத்திருப்பதா? சுகர் இருக்கும் பெண் பார்க்க வேண்டிய கணக்கு

அக்காவுக்கு வயது 43. பேரணாம்பட்டில் வீடு, ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஆறு வருடமாகச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறாள். ஒரு வருடமாக மாதவிலக்கு வந்தால் எட்டு நாள், ஒன்பது நாள் வரை நிற்பதில்லை. கம்பெனி பஸ்ஸில் உட்காரவே பயப்படுகிறாள். ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு (புற்றுநோய் அல்லாத தசைக்கட்டி) என்று வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். "ரெண்டு புள்ள பெத்தாச்சு, இன்னாத்துக்கு இனிமே அந்தப் பை? எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்கிறார் பெரியம்மா. அக்காவின் பயம் வேறு. எங்கள் சித்திக்கு 40 வயதில் இதே ஆபரேஷன் நடந்தது. அதுவரை இரண்டு மாத்திரையில் அடங்கியிருந்த சுகர், அடுத்த ஒரு வருடத்துக்குள் இன்சுலினில் கொண்டுபோய் விட்டது. "பையை எடுத்ததால வந்த வினை" என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரும் சொல்லி வந்தோம்.

சித்திக்கு இப்போது 56 வயது. பெட்டியில் கிடந்த அவருடைய பழைய ஃபைலைப் போன வாரம்தான் முழுசாகப் படித்தேன். டிஸ்சார்ஜ் தாளில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டதாக இருக்கிறது. நான் படித்துச் சொல்லும்வரை சித்திக்கு அது தெரியாது. சம்மதத் தாளில் இருக்கும் கையெழுத்து அவருடையதுதான். யாரும் விளக்கிச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இந்த ஒப்பீட்டை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பை வேறு, சினைப்பை வேறு

கர்ப்பப்பை குழந்தை வளரும் இடம். ஹார்மோன்களைச் சுரப்பவை அதன் இரு பக்கமும் இருக்கும் சினைப்பைகள். அங்கிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன், இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகிறது. புரோஜெஸ்டிரோன் ஓரளவுக்கு அதற்கு எதிராக இழுக்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் புரோஜெஸ்டிரோன் ஏறியிருக்கும்போது பல பெண்களுக்குச் சுகர் கூடுவதும், விலக்கு வந்ததும் இறங்குவதும் இதனால்தான். எனக்கும் சுகர் உண்டு. நாலு மாதம் காலண்டரில் குறித்துப் பார்த்தேன். அதே சாப்பாடு, அதே நடை, ஆனால் அந்த வாரம் மட்டும் வெறும் வயிற்றில் 20, 30 கூடுகிறது. கர்ப்ப காலத்தில் வரும் சுகரும் இதே வகைதான். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மந்தமாக்கிவிடுகின்றன.

எனவே கர்ப்பப்பையை எடுத்தார்களா என்பதைவிட, சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்பதுதான் சுகருக்குப் பெரிய கேள்வி.

சினைப்பையை விட்டுவிட்டு எடுப்பதும், சேர்த்து எடுப்பதும்

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் ரத்தப்போக்கு நிற்கும், கட்டியும் போய்விடும். ஈஸ்ட்ரோஜன் தொடர்ந்து சுரக்கும். ஆனால் சினைப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தில் ஒரு பங்கு குறைவதால், இயல்பாக வரவேண்டிய காலத்துக்குச் சில வருடம் முன்பே அது ஓய்ந்துவிடலாம். இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. மாதாமாதம் வரும் சுகர் ஏற்ற இறக்கம் இதற்கப்புறமும் தொடரும், அதைக் காட்டிக்கொடுக்க விலக்குதான் வராது. "காரணமே இல்லாம ஏறுது" என்று மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மார்பு வலி, வயிறு உப்புசம் வரும் நாட்களையும் சுகர் அளவையும் சேர்த்துக் குறித்து வைத்தால் கணக்கு புரியும்.

இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் நடப்பது வேறு. இயல்பான மாதவிலக்கு நிற்றல் பல வருடம் மெதுவாக வரும், இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில். இதுவோ ஒரே நாளில் வந்துவிடுகிறது. உடம்புக்குப் பழக அவகாசமே இல்லை. இன்சுலின் முன்னைப்போல வேலை செய்யாது, கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுப் பக்கம் சேரும், தூக்கம் கெடும். மூன்றும் சுகரை ஏற்றுபவை. 45 வயதுக்கு முன் இப்படி எடுத்தவர்களுக்கு எலும்பு தேய்மானமும் இதய நோயும் கூடுதலாக வருவதும் தெரிந்த விஷயம்.

கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சுகர் வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்று சில பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. பழியை முழுக்க ஆபரேஷன் மேல் போட முடியாது. ஃபைப்ராய்டு வருகிற பெண்களில் பலருக்கு ஏற்கனவே உடல் எடை கூடுதல். சித்திக்கும் அப்படித்தான். ஆனாலும் 40 வயதில் நல்ல சினைப்பைகளை எடுத்ததும் சேர்ந்துகொண்டது என்றே நினைக்கிறேன்.

சினைப்பையை எடுக்கவே கூடாதா? அப்படி இல்லை. அம்மா, சகோதரி வழியில் சினைப்பைப் புற்றுநோய் இருந்தால், அதற்கான மரபணுக் கோளாறு தெரிந்தால், சினைப்பையிலேயே சந்தேகமான கட்டி இருந்தால் எடுப்பதுதான் சரி. "எப்படியும் வயித்தத் திறக்கிறோம், அதையும் எடுத்துடலாம்" என்பது மட்டும் 43 வயதுக்குப் போதுமான காரணம் கிடையாது.

அப்படி எடுக்க நேர்ந்தால் அடுத்த கேள்வி ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து கொடுப்பது. அமெரிக்காவில் நடந்த, 2002-இல் முடிவுகள் வெளிவரத் தொடங்கிய பெண்கள் நல ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் போன்ற செயற்கை ஹார்மோன்) சேர்த்து எடுத்தவர்களுக்குப் புதிதாகச் சுகர் வருவது 21 சதவீதம் குறைவாக இருந்தது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு 12 சதவீதம் குறைவு. ஆனால் சுகருக்கு மருந்தாக இதை யாரும் எழுதுவதில்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைதல், பக்கவாதம் இவற்றையும் பார்க்க வேண்டும். சிறு வயதில் சினைப்பை போனவர்களுக்கு, வேறு தடை இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது வரையாவது கொடுப்பது வழக்கம். கர்ப்பப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். தோலில் தடவும் ஜெல்லாகவோ பட்டையாகவோ எடுத்தால், மாத்திரையைவிட ரத்தம் உறையும் ஆபத்து குறைவு. சித்தியிடம் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எடுக்காமல் சமாளிக்கும் வழிகள்

முதலில் ஒரு நிபந்தனை. சுகரும் உடல் எடையும் சேர்ந்து இருக்கும் பெண்ணுக்கு, 40 வயதுக்கு மேல் ரத்தப்போக்கு முறை தவறினால், கர்ப்பப்பை உள்சுவரிலிருந்து திசு எடுத்துப் பார்த்துவிட வேண்டும். உள்சுவர்ப் புற்றுநோய் இவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அதில் கோளாறு இருந்தால் கீழே சொல்வது எதுவும் பொருந்தாது. அக்காவுக்குப் பார்த்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது.

டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை ரத்தம் போகும் நாட்களில் மட்டும் போடுவது. ஹார்மோன் இல்லாததால் சுகரைத் தொடாது. போக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். முன்பு ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு ஆகாது. நார்எதிஸ்டிரோன் மாத்திரை உடனே நிறுத்தும், ஆனால் அது புரோஜெஸ்டின் வகை. மாதக்கணக்கில் போட்டால் சுகரைக் கவனித்தபடியே இருக்க வேண்டும்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம்தான் சுகர் இருக்கும் பெண்ணுக்கு நான் முதலில் யோசிக்கச் சொல்வது. காப்பர்-டி போலவே உள்ளே வைப்பது. ஹார்மோன் பெரும்பாலும் கர்ப்பப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, சுகரில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. சாதாரணமாகப் போக்கு 80 சதவீதத்துக்கு மேல் குறையும். ஒரு முறை வைத்தால் ஐந்து வருடம். அக்காவுக்கு 43. ஐந்து வருடத்தில் விலக்கு தானாக நிற்கும் வயது வந்துவிடும், அப்புறம் ஃபைப்ராய்டும் சுருங்கத் தொடங்கும். சினைப்பை கைபடாமல் இருக்கும், ஆபரேஷனுக்குப் பின் ஓய்வெடுக்கும் ஆறு வாரச் சம்பளமும் போகாது. குறை என்னவென்றால், கட்டி கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் சாதனம் நழுவி வெளியே வந்துவிடலாம். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக ரத்தம் படுவதும் பலருக்கு உண்டு.

கட்டியை மட்டும் அகற்றும் ஆபரேஷனும், கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சையும் இருக்கின்றன. இரண்டாவது பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் கிடைக்கும். குழந்தை வேண்டும் என்றால் கட்டியை மட்டும் அகற்றுவதைப் பற்றி நிறையப் பேசியிருப்பேன், அக்காவுக்கு அந்தத் தேவை இல்லை.

இவை எதற்கும் கட்டுப்படாமல் ரத்தப்போக்கும் ரத்தசோகையும் தொடர்ந்தால் கர்ப்பப்பையை எடுப்பது நியாயமான சிகிச்சைதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. பேரணாம்பட்டைத் தாண்டினால் ஆந்திரா. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் இந்திய அளவில் சுமார் 3 சதவீதம், ஆந்திராவில் ஏறக்குறைய 9. தேவையில்லாத ஆபரேஷன்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது.

மூன்று மாத சுகர் ஏமாற்றும்

அக்காவின் ஹெச்.பி.ஏ.1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் சோதனை, 7.9. ஹீமோகுளோபின் 8.2. "சுகர் கட்டுக்குள்ளே இல்ல" என்று மாத்திரையைக் கூட்டச் சொன்னார்கள். வீட்டு மிஷினில் பார்த்தால் வெறும் வயிற்றில் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 170. இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் மூன்று மாத சுகர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இரும்பு மாத்திரை வேலை செய்யத் தொடங்கினாலோ, ரத்தம் ஏற்றினாலோ அதே சோதனை குறைவாகக் காட்டும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து "ஏறிடுச்சு", "இறங்கிடுச்சு" என்று பேசுவதில் பொருளே இல்லை. விரல் நுனிக் கணக்குதான் நம்பத்தக்கது.

ஆபரேஷன்தான் என்று முடிவானால்

மருந்துப் பட்டியலில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகள் இருந்தால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சுகர் சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து அதில் உண்டு. ஆபரேஷன் சமயத்தில் 140-க்கும் 180-க்கும் இடையில் வைப்பதைத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். முதல் சில நாள் சுகர் ஏறுவது உடம்பின் அதிர்ச்சியால், ஹார்மோன் இழப்பால் அல்ல. அதற்கப்புறம் வரும் ஏற்றத்தில் பாதி நம் ஊர்க்காரர்கள் ஏற்றுவது. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ், ரொட்டி, ஆப்பிளோடு வருவார்கள். பத்தியம் என்று கஞ்சியும் ரஸ்க்குமாகக் கொடுத்து ஆறு வாரம் படுக்க வைப்பார்கள். பளு தூக்கத்தான் கூடாது, நடக்கலாம்.

சினைப்பை போனவர்களுக்கு ராத்திரியில் திடீரென்று வேர்த்துக்கொட்டும், நெஞ்சு படபடக்கும். சித்தி இதைச் 'சுகர் இறங்குது' என்று நினைத்துச் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டார், இரண்டு வருடம். ஈஸ்ட்ரோஜன் குறைவால் வரும் வேர்வையும் தாழ்சுகர் வேர்வையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மிஷினில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பதைத் தவிரப் பிரித்தறிய வழி இல்லை. 70-க்குக் கீழே இருந்தால்தான் சர்க்கரை.

ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து வந்து, 1900-இல் வேலூரில் ஒரு படுக்கையோடு மருத்துவமனை தொடங்கினார் என்பது இந்த ஊரில் எல்லோரும் அறிந்த கதை. இப்போது எல்லா ஆஸ்பத்திரியிலும் பெண் டாக்டர்கள் இருக்கிறார்கள். என்ன எடுத்தீர்கள் என்று கேட்கத்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அக்காவை வேலூருக்குக் கூட்டிப் போகிறேன். கட்டி உள்ளறையைத் தொடுகிறதா, சாதனம் வைக்க இடமிருக்கிறதா, எடுத்தே ஆக வேண்டுமானால் சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா என்று அவள் கையாலேயே நோட்டில் எழுதியிருக்கிறாள். சித்தியும் தன் ஃபைலை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறார். எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா என்று அவரும் கேட்க வேண்டியிருக்கிறது.