மலாக்கா பாபா நியோன்யா வீடு: அந்த மாடிப்படிக்காகவே போகலாம்

பழைய வீடுகளைப் புதுப்பிப்பதுதான் எனக்குத் தொழில். கிள்ளானில் பழங்காலக் கடைவீடு வாங்குகிறவர்கள், கூரை ஒழுகினாலோ சுவரில் ஈரம் ஏறினாலோ என்னைக் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தால், எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைப் பார்க்கும் முன்பே, பெட்டி நிற்கும் தரையையும் மேலே போகும் உத்திரத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். மனைவிக்கு இது பிடிக்காது. "காசு கொடுத்து உள்ளே வந்து ஓட்டை எண்ணுறீங்களே" என்பார். மலாக்காவின் பாபா நியோன்யா அருங்காட்சியகத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறு வரவில்லை. அங்கே வீடுதான் காட்சிப்பொருள்.

இடம் ஜாலான் துன் டான் செங் லொக். டச்சுக்காரர் காலத்துப் பெயர் ஹீரன் தெரு. எண் 48, 50 என்று தேடினால் கிடைத்துவிடும். சான் என்ற பெரானாக்கான் குடும்பம் 1861-இல் வாங்கிய இடம் இது. அடுத்தடுத்த வீடுகளை ஒன்றாக்கி, இப்போது நாம் பார்க்கும் வடிவத்தில் 1896-இல் கட்டினார்கள். 1980-களில் அதே குடும்பத்தின் நாலாம் தலைமுறையினர் இதை அருங்காட்சியகமாக்கித் திறந்தார்கள்.

பெரானாக்கான் யாரென்று தெரியாதவர்களுக்கு: பல நூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்கா நீரிணைத் துறைமுகங்களுக்கு வந்து தங்கிவிட்ட சீன வணிகர்களின் வழிவந்தவர்கள். ஆண்களைப் பாபா என்றும் பெண்களை நியோன்யா என்றும் சொல்வார்கள். சாமி கும்பிடுவது சீன முறையில். வீட்டில் பேசுவது ஹொக்கியன் கலந்த மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மலாய் மேற்சட்டை. சமையலிலோ பெலாச்சான் என்ற இறால் விழுதும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் வேலை நடக்காது.

வெளியில் இருந்து பார்த்தால் வீடு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. இந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான்: முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். முகப்பின் அகலத்தைப் பார்த்து டச்சுக்காரர்கள் வரி போட்டதால் இப்படிக் கட்டினார்கள் என்று மலாக்காவில் எல்லோரும் சொல்வார்கள். அஞ்சடியில், அதாவது வீட்டு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், ஏறி நின்று கதவைப் பாருங்கள். செதுக்கு வேலை செய்த அரைக்கதவு ஒன்று முன்னால் இருக்கும். பகலில் பெரிய கதவைத் திறந்துவைத்து, இந்த அரைக்கதவை மட்டும் சாத்தினால் காற்று உள்ளே வரும், தெருவில் போகிறவர் பார்வை வராது.

முன்கூடம் முழுக்கப் பணம் பேசுகிறது. முத்துச்சிப்பி பதித்த கருமர நாற்காலிகள், பளிங்கு, பட்டில் தைத்த சித்திரங்கள். வந்தவர் வாயடைத்துப் போக வேண்டும் என்றே அமைத்த கூடம். நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் மரத்தடுப்புதான் என்னை இழுத்தது. இடைவெளி விட்டுச் செதுக்கிய தடுப்பு அது. கல்யாணமாகாத பெண்கள் விருந்தாளி முன்னால் வரக்கூடாது. தடுப்புக்குப் பின்னால் இருட்டில் நின்று அந்த இடைவெளி வழியாக யார் வந்திருக்கிறார் என்று பார்க்கலாம். எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண் என்னையும் மனைவியையும் பின்பக்கம் நிற்கச் சொன்னார். சரிதான், கூடம் முழுக்கத் தெரிகிறது. கூடத்தில் நின்ற ஆஸ்திரேலியப் பயணிகளுக்கு நாங்கள் தெரியவில்லை. அந்தத் தச்சர், ஓட்டைகளை எந்த உயரத்தில் விட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் செதுக்கியிருக்கிறார்.

அடுத்தது முற்றம். வெட்டவெளியாக வானம் பார்க்கிறது. செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும் நீள வீட்டில் சன்னல் வைக்க வேறு இடம் ஏது? வெளிச்சமும் காற்றும் மேலிருந்துதான் வர வேண்டும். உள்ளே சேரும் சூடு அந்தத் திறப்பு வழியாக மேலே ஏறிப் போய்விடும். அந்த இடத்துக்குத் தெருவிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நகரும். மழை நேராக உள்ளே கொட்டும். சீனர் நம்பிக்கையில் தண்ணீர் வீட்டுக்குள் வருவது செல்வம் வருவது. எனக்கு அந்தச் செல்வம் எந்த வழியாக வெளியே போகிறது என்பதில்தான் அக்கறை. முற்றத்தின் தரை, சுற்றியிருக்கும் தரையைவிடத் தாழ்வு. கல் பாவிய தரையில் வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். இந்த வாட்டத்தை இன்றைக்குக் குளியலறையில்கூடச் சிலர் ஒழுங்காகக் கொடுப்பதில்லை.

ஈரம் என்ற பேச்சு வந்துவிட்டது, கொஞ்சம் தொழில் பேசிவிடுகிறேன். கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கு முன், இந்தத் தெருவின் ஒரு பக்க வீடுகளுக்குக் கொல்லைப்புறம் என்பதே கடல்தான். உப்புக் காற்று, உப்பு ஈரம். அப்படியும் சுவர்கள் நிற்கக் காரணம் சுண்ணாம்பு. தரையிலிருந்து செங்கல்லில் ஏறும் ஈரம், சுண்ணாம்புப் பூச்சு வழியாக மெல்ல ஆவியாகிவிடும். "அழகா வழவழன்னு வேணும்" என்று அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. உள்ளே தங்கி இன்னும் மேலே ஏறும். உப்பு சுவருக்குள்ளேயே படிகமாகி, பூச்சை உப்பவைத்துத் தள்ளிவிடும். பழைய வீடு வைத்திருப்பவர்கள் என்னிடம் காட்டும் "சுவர் நோய்" பாதிக்கும் மேல் இதுதான். இதைக் கேட்டு வழிகாட்டிப் பெண் சிரித்துவிட்டு, "அங்கிள், நீங்களே டூர் எடுக்கலாம்" என்றார். மனைவி சிரிக்கவில்லை.

இப்போது மாடிப்படி. இதற்காகவே நான் இன்னொரு தடவை போவேன். பக்கவாட்டு முழுக்கச் செதுக்கி, தங்கரேக்கு ஒட்டிய படி அது. எல்லோரும் தங்கத்தைத்தான் படம் எடுத்தார்கள். ஆணியே இல்லாமல் செய்தது என்று வழிகாட்டி சொன்னதும் நான் குனிந்துவிட்டேன். பலகையின் நாக்கு அடுத்த கட்டையின் துளையில் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கேட்கச் சுலபம். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் மரம் ஊதும், சுருங்கும். இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தையும் சேர்த்துத் தின்னும். மரத்தை மரத்தோடு பூட்டினால் இரண்டும் சேர்ந்தே அசையும், பிடி விடாது. ஆனால் நாக்கு இம்மி பெரிதானாலும் கட்டை பிளக்கும், இம்மி சிறிதானாலும் படி ஆடும். ஏறும்போது வேண்டுமென்றே ஓரமாக மிதித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. என் வீட்டுப் படி கட்டிப் பத்து வருடம்கூட ஆகவில்லை, ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனால் வீடே விழித்துக்கொள்ளும்.

படியின் உச்சியில் ஒரு மூடி இருக்கிறது. ராத்திரி அதை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் கீழ்வீட்டிலிருந்து யாரும் மேலே வர முடியாது. திருடனுக்காக என்றார்கள். மேலே படுக்கையறைத் தரையில் இன்னொரு குசும்பு: சின்ன ஓட்டை ஒன்று, அதற்கு ஒரு மூடி. மூடியை எடுத்துவிட்டுக் குனிந்தால் வாசலில் நிற்பவர் தலை தெரியும். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, பிடித்தால் கீழே போகலாம், இல்லாவிட்டால் தூங்குவதுபோல் இருந்துவிடலாம். கைப்பேசியில் வாசல் கேமரா பார்க்கும் என் மகளுக்கு அந்த ஓட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன்.

மாடியில் கல்யாண அறை, உடுப்புகள், மணி தைத்த செருப்புகள் எல்லாம் உண்டு. நியோன்யா கல்யாணம் 12 நாள் நடக்குமாம். செருப்பில் கடுகைவிடச் சின்ன மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைத்திருக்கிறார்கள். கல்யாணப் பெண்ணின் பொறுமைக்கு அதுதான் பரீட்சை. துக்க காலத்துக்குத் தனி நிறங்கள்: முதலில் கறுப்பு, பிறகு நீலம், பச்சை என்று படிப்படியாக வெளியே வர வேண்டும். இவற்றை மனைவி சொல்லக் கேட்டதுதான் அதிகம். நான் கூரையின் கைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சமையலறை. இங்கே மனைவியின் முறை. உள்ளே நுழைந்ததுமே, "என்னங்க, நம்ம அம்மி!" என்றார். அம்மியேதான்: சாய்வாக வைத்த கல், மேலே உருட்டும் குழவி. பக்கத்தில் அரிசி அரைக்கும் திரிகை. பலகாரத்துக்கான மர அச்சுகள், அடுக்குப் பாத்திரங்கள். நாங்கள் தமிழ்நாடு போகும்போதெல்லாம் உறவினர் வீட்டுப் பரணில் பார்க்கும் சாமான்கள். அப்புறம் வெற்றிலைப் பெட்டி. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புக்குத் தனித்தனிக் கிண்ணம், பாக்குவெட்டி. விருந்தாளிக்கு முதலில் அதை நீட்டுவதும், கல்யாண அழைப்புக்கு அதை எடுத்துப் போவதும் நம் வழக்கம்போலவே.

மனைவி வழிகாட்டியிடம் பூவா கெலுவாக் பற்றிக் கேட்டார். விஷமுள்ள விதை அது, சயனைடு இருக்கிறது. வேகவைத்து, சாம்பலில் பல நாள் புதைத்துவைத்து விஷத்தை எடுத்த பிறகும், சமைப்பதற்கு முன் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். அதற்கப்புறம்தான் விதையின் மேலோட்டை உடைத்து உள்ளிருக்கும் கறுப்புச் சதையைக் கோழிக் குழம்புக்கு எடுப்பார்கள். இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொண்டே போனார்கள். அடுத்த கூட்டம் வந்து நின்ற பிறகுதான் நகர்ந்தோம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வீடு எழும்பிய அதே 1896-இல்தான் டான் சாய் யான் என்ற மலாக்கா பாபா, புக்கிட் லிந்தாங்கில் இந்த நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். தெருவுக்குப் பெயர் தந்த டான் செங் லொக், பிற்பாடு மலேசியச் சீனர் சங்கத்தின் முதல் தலைவரானவர், அவரும் ரப்பர் தோட்டங்களை நடத்தியவர்தான். என் அப்பா சிலாங்கூரில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நான் பிறந்தது லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு அது. கல்லும் மரமும் பேசும் இந்தத் தெருவில் நடக்கும்போது, விடியற்காலையில் வாளியோடு போன ஆட்களின் கணக்கும் மனதில் ஓடத்தான் செய்தது. குறையாகச் சொல்லவில்லை. இது ஒரு குடும்பம் தன் வீட்டைத் தானே காட்டும் இடம். அதை நேர்மையாகக் காட்டுகிறார்கள். தோட்டத்து லயம் ஒன்றையும் யாராவது இதே அக்கறையோடு, அடுப்புக்கரி படிந்த சுவரோடு, வைத்துக் காட்டினால் அதற்கும் டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்பேன்.

தமிழர்கள் மலாக்கா வரை வந்துவிட்டு காஜா பெராங்கில் இருக்கும் செட்டி கிராமத்தைப் பார்க்காமல் போகக்கூடாது. அங்கே இருக்கும் மலாக்கா செட்டிகள், மலாக்கா சுல்தான்கள் காலத்துத் தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். பேச்சு மலாய், உடுப்பு கெபாயா, சாமி மட்டும் மாறாமல் நம் சாமி. அங்கேயும் சிறிய அருங்காட்சியகம் உண்டு. 1781-இல் அவர்கள் முன்னோர் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், பாபா வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

இனி நடைமுறை விஷயம். வழிகாட்டியோடு போகும் சுற்றில் சேருங்கள். அதற்கு நேரம் குறித்திருப்பார்கள், முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. தனியாகச் சுற்றினால் அந்தத் தடுப்பையும் தரை ஓட்டையையும் நாற்காலி, மேசையோடு சேர்த்துக் கடந்து போய்விடுவீர்கள். டிக்கெட் விலையில் ஒரு மீன் தலைக்கறியே சாப்பிடலாம்தான், ஆனால் இந்த மாதிரி மரவேலை வீட்டைப் பராமரிக்க என்ன செலவாகும் என்று எனக்குத் தெரியும், அதனால் வாய் திறக்கவில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாடி சிரமம். பழைய வீட்டில் மின்தூக்கியை எதிர்பார்க்க முடியாது. அவர்கள் கீழ்வீட்டையும் சமையலறையையும் பார்த்தாலே பாதிக்கு மேல் பார்த்த மாதிரி.

மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு நியோன்யா கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். பூவா கெலுவாக் கோழி கேட்டோம்; வந்தது வெறும் சோயாக் கறி, தட்டில் ஒரே ஒரு விதை, அதுவும் உள்ளே காலி. மனைவி அந்த விதையோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டார், ஏனென்று கேட்கவில்லை.

கட்டட வேலையில் ஆர்வம் உள்ளவர்கள் அதே தெருவின் 8-ஆம் எண் வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். டச்சுக் காலத்துச் சின்னக் கடைவீடு. பழைய கட்டடங்களைக் காக்கும் பாடான் வாரிசான் மலேசியா அமைப்பு மீட்டெடுத்தது. அங்கே தங்கரேக்கு எதுவும் கிடையாது, செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் மட்டும். காரைத் தெருவில் நிறுத்த நினைக்காதீர்கள், தள்ளி எங்காவது போட்டுவிட்டு நடந்து வாருங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை. சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கம் நகரவே முடியாது. வேலை நாளில், காலை முதல் சுற்றுக்கே போய்விடுங்கள்.