முத்திரை குத்திய காகிதமெல்லாம் மரம் வெட்டும் அனுமதி அல்ல

புறநகரில் வீட்டு வளாகத்தில் பெரிய மரம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவரை நம்பி நான் மோசம் போனேன். பணம் போனதைவிட, வீட்டைக் காட்டிலும் மூத்த ஒரு மரம் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

மரத்தின் அடியில் ஒரு பொந்து இருந்தது. அதற்குள் கோலை விட்டு ஆட்டிக் காட்டி, உள்ளே முழுவதும் உளுத்துவிட்டது, அடுத்த பெருங்காற்றுக்குக் கூரைமேல் சாய்ந்துவிடும் என்றார் அவர். முதிர்ந்த மரத்தின் நடுக்கட்டை உயிரற்ற பகுதி என்பதும், நீரை மேலே கொண்டுசெல்வது அதைச் சூழ்ந்த வெளிக்கட்டை என்பதும், பொந்தைச் சுற்றியுள்ள பழுதற்ற கட்டை போதிய கனத்தோடு இருந்தால் பொந்துள்ள மரமும் பல ஆண்டுகள் உறுதியாக நிற்கும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அனுமதி வேண்டாமா என்று கேட்டேன். சொந்த நிலத்து மரத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றவர், நான் தயங்கியதும், தனிக் கட்டணம் கொடுத்தால் தாமே வாங்கித் தருவதாகப் பேச்சை மாற்றினார். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டமும் டெல்லியின் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் நிலத்து மரங்களையும் கட்டுப்படுத்துகின்றன; இங்கிலாந்தில் ஒரு மரத்தின்மீது பாதுகாப்பு ஆணை இருந்தால், பொதுவாகக் கிளையை வெட்டுவதற்குக்கூட உரிமையாளர் உள்ளாட்சியின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

சில நாட்களில் முத்திரை குத்திய ஒரு காகிதத்தோடு வந்தார். முத்திரையைப் பார்த்த நான் வாசகத்தைப் படிக்கவில்லை. அது விண்ணப்பம் பெறப்பட்டதற்கான ஒப்புகைச் சீட்டு மட்டுமே. உண்மையான அனுமதி ஆணையில் எந்த மரம், எங்கே நிற்பது, அடியோடு வெட்டலாமா அல்லது கிளை கழிக்க மட்டுமா, எந்த நாளுக்குள், ஈடாக எத்தனை கன்றுகள் நட வேண்டும் என்பன போன்ற விவரங்கள் இருக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். விடுமுறை நாளின் விடியற்காலையில் ஆட்களோடு வந்து, மதியத்துக்குள் மரத்தைச் சாய்த்து, கட்டைகளை வண்டியில் ஏற்றிப் போய்விட்டார். வெட்டுமுகத்தைப் பார்த்தபோது பொந்து ஒரு கையகலமே இருந்தது. சுற்றிலும் பழுதற்ற கட்டை.

அபராத அறிவிப்பு என் பெயருக்குத்தான் வந்தது. நிலத்தின் உரிமையாளர் நான், வேலையை ஒப்படைத்தவனும் நான். அவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

ஆகவே விண்ணப்பத்தை நீங்களே நேரில் கொடுங்கள். ஆணை எண்ணை அலுவலகத்திலேயே சரிபாருங்கள். மரத்தின் நலத்தை, வெட்டுவதாலும் கட்டையை விற்பதாலும் ஆதாயம் பெறாத ஒரு மரவியல் வல்லுநரிடம் கேளுங்கள். உண்மையிலேயே உடனடி ஆபத்து இருந்தால் பல சட்டங்கள் விலக்கு அளிக்கின்றன. ஆனால் வெட்டும் முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்; உங்கள் ஊர்ச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஏற்கெனவே என்னைப் போல ஏமாந்திருந்தால், அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க விடாதீர்கள். மரத்தின் பருமனுக்கும் அதன் உள்நலத்துக்கும் எஞ்சியிருக்கும் சாட்சி அதுதான்; என் புகாரின் விசாரணை முடியும்வரை அதை அப்படியே தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறேன்.