640 டாலர் கொடுத்துச் சேற்றில் நின்றோம்: கயாக் மீன்பிடிப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்தில் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவில், குறிப்பாக டாம்பா பக்கம் இருக்கும் தமிழர்கள், ஊரிலிருந்து வரும் பெரியவர்களைக் கயாக்கில் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு) மீன்பிடிக்க அழைத்துப்போக நினைத்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் என் 640 டாலர் போன கதையைக் கேளுங்கள்.

என் மாமனார் தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. எந்தப் பாலத்தில் போனாலும் இரண்டு பக்கமும் தண்ணீர், ஆனால் அதில் ஒரு நாள்கூடக் கை நனைக்கவில்லை என்று அவருக்குக் குறை. "கண்ணாடிக்குள்ளிருந்து கடலைப் பார்ப்பதற்கா மாப்பிள்ளை இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார். அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது.

சுற்றுலாப் பயணங்களை முன்பதிவு செய்யும் தளம் ஒன்றில் தேடினேன். பெயர் வேண்டாம், வழக்கு வரும் என்று மனைவி பயப்படுகிறாள். அதில் ஒரு விளம்பரம்: சூரியன் உதிக்கும் நேரத்தில் அலையாத்திக் காடுகளுக்குள் நான்கு மணி நேரக் கயாக் பயணம், பிடிக்க ஸ்நூக், ரெட்ஃபிஷ் என்ற மீன்கள், நடுவே ஒரு மணல்திட்டில் இறங்கி ஈபோர் சிட்டியில் கையால் சுருட்டிய சுருட்டும் கியூபா முறைக் காப்பியும். ஈபோர் சிட்டி டாம்பாவுக்குள் இருக்கும் பழைய சுருட்டுப் பேட்டை. 1880களில் கீ வெஸ்டிலிருந்து வந்த ஒரு முதலாளி தொடங்கியது, டாம்பாவுக்குச் சுருட்டு நகரம் என்ற பெயரே அதனால்தான். மாமாவோ ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தைக்குத் தெரியாமல் மொட்டை மாடியில் சுருட்டுப் பிடித்த ஆள். விளம்பரத்தை எனக்காகவே எழுதியது போல இருந்தது. ஆங்கிலத்தின் செரூட் நம் சுருட்டிலிருந்து போன சொல், கட்டமரான் நம் கட்டுமரம். கடலையும் சுருட்டையும் நம்மிடமே கொண்டுவந்து விற்றிருக்கிறான் பாருங்கள்.

நான் எப்படி நம்பினேன் என்று மனைவி கேட்கிறாள். சொல்கிறேன். தளத்தில் 720 டாலருக்குப் பதிவு செய்த அன்று மாலையே வழிகாட்டி தொலைபேசியில் அழைத்தான். முதல் கேள்வியே, "உங்கள் மாமனாரின் எடை என்ன, முழங்கால் வலி உண்டா?" என்பதுதான். அவர் எடைக்கு ஏற்ற அகலமான, இருக்கை உயர்ந்த கயாக் எடுத்து வைப்பதாகச் சொன்னான். பிறகு காற்றைப் பற்றிப் பேசினான். குளிர்காலம் நெருங்கும்போது டாம்பா வளைகுடாவில் காலை நேரத்தில்தான் தண்ணீர் மிகவும் வற்றும், அதோடு வடக்குக் காற்றும் சேர்ந்தால் தண்ணீரைத் தெற்கே தள்ளிக்கொண்டு போய்விடும், அதனால் சரியான நேரத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். பொய் சொல்பவன் ஏற்றவற்றத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசுவானா? மாமாவிடம் சொன்னேன். "வாடைக்காற்றைத் தெரிந்த ஆள், நம்பலாம்" என்றார். கடல் பார்த்த மனிதரே சொல்லிவிட்டார், இனி என்ன?

அங்கேதான் விழுந்தேன். அடுத்து அவன், "தளத்துக்கு எதற்கு வீணாகத் தரகு? அங்கே ரத்து செய்துவிடுங்கள், நேரடியாக எனக்கு 640 அனுப்பினால் போதும். டிசம்பர் 1 முதல் இந்தப் பக்கம் ஸ்நூக் எடுக்கத் தடை, மாதக் கடைசியில் எனக்கு இந்த ஒரு சனிக்கிழமைதான் காலி" என்றான். தடை உண்மைதான், சரிபார்த்தேன். நவம்பர் முடிந்தால் மார்ச் பிறக்கும் வரை ஸ்நூக்கை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஒன்று உண்மை என்றதும் எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டேன். பணம் அனுப்பும் செயலியில், நண்பருக்கு அனுப்புவதாகக் குறித்து, 640 டாலர் அனுப்பினேன். 80 டாலர் மிச்சம் பிடித்த பெருமையை இரவுச் சாப்பாட்டின்போது வேறு பேசினேன்.

சனிக்கிழமை காலை 6.30க்கு, வளைகுடாவின் மேல் போகும் ஸ்கைவே பாலம் தூரத்தில் தெரியும் ஒரு சிறிய படகுத்துறையில் நின்றோம். முந்தின நாள்தான் குளிர்காற்று இறங்கியிருந்தது. யாரும் இல்லை. ஏழு மணிக்கு, "ஐந்து நிமிடம்" என்று செய்தி. எட்டு மணிக்கு ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும். விளம்பரப் படத்தில் இருந்த ஆள் இல்லை. அவர் வரவில்லையா என்று கேட்டதற்கு, "அவர் முதலாளி, நான் உதவிக்கு" என்றான். வண்டியிலிருந்து இறக்கியவை, ஏரியில் பிள்ளைகள் ஓட்டும், காலை உள்ளே நீட்டி உட்காரும் சின்னக் கயாக்குகள். தூண்டில் செருக இடமில்லை. இரை, பனிக்கட்டியாக உறைந்த இறால். மூன்று பேருக்கு லைஃப் ஜாக்கெட் இரண்டு. கயாக்கில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். "எனக்கு வேண்டாம், எனக்கு நீந்தத் தெரியும்" என்றான் பையன். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். 640 டாலர் கையைக் கட்டிவிட்டது.

அலையாத்திக் காடு அழகு, அதை மறுக்க மாட்டேன். பிச்சாவரத்துச் சுரபுன்னை போலவே வேரை ஊன்றி நிற்கும் மரங்கள். ஆனால் அரை மணி நேரத்தில் மாமா துடுப்பை நிறுத்திவிட்டு, "மாப்பிள்ளை, தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது" என்றார். பையனுக்கு அது தெரியவே இல்லை. இன்னும் உள்ளே கூட்டிப்போனான். ஒன்பது மணிக்குக் கணுக்கால் தண்ணீரில் மூவரும் தரைதட்டி நின்றோம். ஸ்நூக் நம் கொடுவாய்க்குப் பங்காளி. மாமாவின் கொடுவாய்க் கனவு மொத்தமும் அந்தக் கடற்புல்லின் மேல் முடிந்தது. இறங்கிக் கயாக்கை இழுக்க வேண்டியதாயிற்று. "திருக்கை இருக்கும், காலைத் தூக்கி வைக்காதீர்கள், தேய்த்தபடி நடங்கள்" என்று வழிகாட்டிக்கே வழிகாட்டினார் மாமா. திருக்கையிடம் தப்பினார், சிப்பித் திட்டில் சிக்கினார். பிளேடு போன்ற ஓடு, குதிகாலில் இரண்டு அங்குலக் கிழிசல். முதலுதவிப் பெட்டி? கரையில், வண்டியில் இருக்கிறதாம்.

சமாதானப்படுத்தவோ என்னவோ, பையன் சுருட்டுப் பெட்டியை எடுத்தான். கண்ணாடி மூடி போட்ட பெட்டி, மேலே கோஹிபா என்று கியூபாவின் பெயர்பெற்ற முத்திரை. விளம்பரத்தில் சொன்ன ஈபோர் சுருட்டு எங்கே என்றால், இது அதைவிட உயர்ந்தது என்கிறான். 1962 முதல் கியூபாவோடு வர்த்தகத் தடை இருக்கும் நாட்டில் இதை எந்தக் கடையில் வாங்கினான்? வீட்டுக்கு வந்து படித்த பிறகு தெரிந்தது, அசல் கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே இல்லை. மாமாவுக்கு எதையும் படிக்கத் தேவைப்படவில்லை. காலில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஒரு சுருட்டை நகத்தால் கீறிப் பிரித்துக் காட்டினார். உள்ளே நீள இலை இல்லை. குப்பை. "இது சுருட்டில்லை மாப்பிள்ளை, கூட்டிப் பெருக்கியது" என்றார். அதன் பிறகு கரை வரும்வரை பேசவில்லை.

பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. நான்கு மணி நேரப் பயணத்தில் நாங்கள் மிதந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. மீன் ஒன்றுமில்லை.

வழிகாட்டியை அழைத்தேன், எடுக்கவில்லை. மாலையில் பதில் வந்தது: "வடக்குக் காற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல. வானிலையால் கெட்ட பயணத்துக்குப் பணம் திரும்பாது." எந்தக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்தி என்னை நம்பவைத்தானோ, அதே காற்று! பாதியாவது கொடு என்று கேட்டேன். பாதி விலையில் இன்னொரு பயணம் தருகிறானாம். தளத்துக்கு எழுதினேன். பதிவை நீங்களே ரத்து செய்துவிட்டீர்கள், எங்கள் கணக்கில் அப்படி ஒரு பயணமே நடக்கவில்லை என்றார்கள். விளம்பரத்தையாவது எடுங்கள் என்றேன், "உங்கள் கருத்துக்கு நன்றி". செயலிக்காரர்கள், நண்பருக்கு அனுப்பிய பணத்துக்குப் பாதுகாப்புக் கிடையாது என்றார்கள். வங்கியில் நாற்பது நிமிடம் இசை கேட்டேன், பிறகு ஒரு பெண், "நீங்கள்தானே அனுமதித்தீர்கள்?" என்றாள். ஆமாம் அம்மா, நான்தான். 640 டாலர். ஊர்க் கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். மாமா தொகையைக் கேட்டார், இருநூறு என்று பொய் சொல்லிவைத்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நானே எடுத்த மீன்பிடி உரிமம், ஆளுக்கு 17 டாலர், அது ஒன்றுதான் அன்று ஏமாற்றாத செலவு.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், நேரமில்லை. தளத்தில் பதிவு செய்தால் தளத்திலேயே பணம் கட்டுங்கள், எவ்வளவு தள்ளுபடி என்றாலும் வெளியே வராதீர்கள். காசு வாங்கி மீன்பிடிக்க அழைத்துப்போக ஃபுளோரிடாவில் தனி உரிமம் வேண்டும், உங்களோடு கயாக்கில் வரப்போகிற ஆளின் பெயரில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். அன்றைய ஏற்றவற்ற அட்டவணையை நீங்களே பாருங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. கியூபச் சுருட்டு தருகிறேன் என்பவனோடு பேச்சே வேண்டாம். லைஃப் ஜாக்கெட் குறைந்தால் ஏறாதீர்கள்.

வேறு நினைவுக்கு வந்தால் பிறகு எழுதுகிறேன். மாமாவின் குதிகால் வீங்கியிருக்கிறது, மருத்துவரிடம் போக வேண்டும்.