'ஹவெவர்' கட்சியா, 'தி' கட்சியா: ஆங்கிலத் தாளில் எது கைகொடுக்கிறது?

மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே சண்டை. அக்கா மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளோடு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இடம் பிடித்து உட்காரும் தோழி மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதப் போகிறாள். ஞாயிறு மட்டும் இருவரும் சைதாப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு மாதிரித் தாள் போட்டுப் பார்ப்பார்கள்.

அக்கா மகளிடம் பயிற்சி மையத்தில் கொடுத்த ஜெராக்ஸ் தாள் ஒன்று இருக்கிறது. ஹவெவர், மோரோவர், தேர்ஃபோர், நெவர்தெலெஸ் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புச் சொற்கள், எதிரே தமிழ்ப் பொருள். அதை மனப்பாடம் செய்துவிட்டால் ஆங்கிலத் தாள் கைக்குள் வந்துவிடும் என்று நம்புகிறாள். தோழி அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவள் ஆயுதம் பென்சில். வாக்கியத்தில் 'எ' (a) எங்கே, 'தி' (the) எங்கே, 'ஹீ', 'தீஸ்' (these), 'சச்' (such) எங்கே என்று தேடித் தேடி வட்டம் போடுவாள்.

"சித்தி, நீங்களே சொல்லுங்க, இது ரெண்டுல எது பெஸ்ட்டு?"

தீர்ப்பு சொல்வதற்கு முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் வங்கித் தேர்வு எழுதியவள்தான். கணக்கில் தேறினேன், ரீசனிங்கில் தேறினேன், ஆங்கிலத்தில் மட்டும் செக்‌ஷனல் கட் ஆஃபை, அதாவது அந்தப் பகுதிக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டவில்லை. அப்போது என் கையிலும் இதே மாதிரி ஒரு பட்டியல் இருந்தது. அதனால் எனக்கு அந்தப் பட்டியல் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் நேரக் கணக்கு. எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள், அதில் ஆங்கிலம் 25. ஒரு கேள்விக்கு 36 விநாடி. தவறான விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும். வங்கி அதிகாரி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 20 நிமிடம், 30 கேள்விகள். அங்கே 40 விநாடி. இந்த வேகத்தில் ரசித்துப் படிக்க நேரமில்லை. கண்ணில் பட்டதும் வேலை செய்கிற துப்புதான் தேவை. 'தீஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் முன்னால் ஒரு பன்மைப் பெயர் வந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. 'ஹவெவர்' அப்படியில்லை. முன் வாக்கியம் என்ன சொன்னது, இந்த வாக்கியம் என்ன சொல்கிறது, இரண்டும் முரண்படுகின்றனவா என்று மூன்று வேலை பார்க்கச் சொல்கிறது.

வாக்கியங்களைக் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொல்லும் பாரா ஜம்பிளில்தான் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அன்றைக்கு நானே ஒரு கேள்வி தயாரித்துக் கொடுத்தேன். நான்கு வாக்கியங்கள். முதல் வாக்கியம்: ஊருக்கு மேற்கே 'எ லேக்' இருந்தது. இரண்டாவது: 'தி லேக்' மூன்று கால்வாய்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. மூன்றாவது: 'ஹவெவர், தீஸ்' நாளடைவில் தூர்ந்துபோயின. நான்காவது: 'ஆஸ் எ ரிசல்ட்' மக்கள் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். கலைத்துப்போட்டுத்தான் கொடுத்தேன். (ஏரி உதாரணம் தற்செயலாக வந்தது இல்லை. இன்று தெருவுக்குத் தெரு பயிற்சி மையம் இருக்கும் தி.நகரே ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம்.)

அக்கா மகள் 'ஹவெவர்' என்பதைப் பிடித்துக்கொண்டாள். ஏரி இருந்தது, ஆனால் தூர்ந்துபோயிற்று என்று முதல் வாக்கியத்தின் பின்னாலேயே மூன்றாவதை ஒட்டிவிட்டாள். பொருள் என்னவோ பொருந்துகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இருப்பது ஒரே ஓர் ஏரி, 'தீஸ்' பன்மை. மூன்று கால்வாய் வந்த பிறகுதான் அந்தச் சொல் வர முடியும். தோழி 'எ லேக்', 'தி லேக்' ஒரு ஜோடி, 'கால்வாய்கள்', 'தீஸ்' இன்னொரு ஜோடி என்று பதினைந்து விநாடியில் முதல் மூன்றையும் கட்டிவிட்டாள். நான்காவதில்தான் அவளும் கொஞ்சம் நின்றாள். அதில் வட்டம் போட ஒன்றுமே இல்லை. அங்கே 'ஆஸ் எ ரிசல்ட்' என்ற இணைப்புச் சொல்தான் துணை: எதன் விளைவாகக் கிணறு தோண்டுவார்கள்? கால்வாய் தூர்ந்ததன் விளைவாக. ஆக, மூன்று முடிச்சில் இரண்டை இலக்கணமும் ஒன்றை இணைப்புச் சொல்லும் போட்டன.

எஸ்.எஸ்.சி.யில் விடைகளே முழு வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கும். உறுதியாக ஒரு ஜோடி கிடைத்தாலே இரண்டு, மூன்று விடைகளை அடித்துவிடலாம். அதனால் தோழியின் பென்சிலுக்கு அங்கே ராஜ மரியாதை. வங்கித் தேர்வில் வழக்கமாக ஒரே தொகுப்பை வைத்து முதல் வாக்கியம் எது, மூன்றாவது எது, கடைசி எது என்று வரிசையாகக் கேட்பார்கள். ஜோடி போதாது, முழு மாலையும் கோக்க வேண்டும். அக்கா மகள் இணைப்புச் சொல்லை விடமாட்டேன் என்று அடம்பிடிப்பதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் (CAT) தேர்வில் இன்னும் மோசம்: பாரா ஜம்பிளுக்கு விடைகளே கொடுப்பதில்லை, வரிசையை நாமே தட்ட வேண்டும். ஒரே ஆறுதல், அதற்கு நெகட்டிவ் மார்க் இல்லை.

'எ', 'தி' நமக்கு வராது, தமிழில் அது கிடையாதே என்று பலர் கையை விரிக்கிறார்கள். பாட்டி சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். "ஒரே ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டியாம்." முதலில் 'ஒரு', அடுத்து 'அந்த'. யாராவது 'அந்த ராஜா'வில் கதையைத் தொடங்குவார்களா? பாரா ஜம்பிளில் 'எ', 'தி' செய்வது அநேகமாக இதே வேலைதான். சுருக்கப் பெயர்களும் அப்படியே. சென்னை மெட்ரோ ரயில் லிமிடெட் என்று முழுப்பெயர் வந்த பிறகுதான் சி.எம்.ஆர்.எல். வரும். ஆளின் முழுப்பெயர் முதலில், 'ஹீ' அல்லது 'ஷீ' பிறகு.

இதிலும் குழி இருக்கிறது என்பதை அந்தப் பென்சில்காரிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 'தி சன்', 'தி பே ஆஃப் பெங்கால்' மாதிரி உலகத்துக்கு ஒன்றே ஒன்றாக இருப்பவை முதல் வாக்கியத்திலேயே 'தி' போட்டுக்கொண்டு வரும். 'தி'யைப் பார்த்ததும் இது இரண்டாவது வாக்கியம் என்று முடிவுகட்டினால் அவ்வளவுதான். 'ஹேட்' (had) இன்னொரு குழி. 'ஹேட் கான்' என்றால் முன்பே நடந்தது என்று பொருள். நிகழ்ச்சி முன்பு நடந்தது, சரி. அதற்காக அந்த வாக்கியமும் முன்னால் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு அதற்கு முன் நடந்ததற்குத் திரும்பிப் போவது எல்லா மொழியிலும் உள்ள வழக்கம்தானே.

அப்புறம், கோடிட்ட இடம். இங்கேதான் அக்கா மகளின் ஜெராக்ஸ் தாள் அவளை அதிகமாக ஏமாற்றுகிறது. '___ தி ஹெவி ரெயின், தி ட்ரெயின் லெஃப்ட் பீச் ஸ்டேஷன் ஆன் டைம்.' விடைகள்: ஆல்தோ, டிஸ்பைட், ஹவெவர், பிகாஸ் ஆஃப். அவள் தாளில் ஆல்தோ, டிஸ்பைட், ஹவெவர் மூன்றும் 'முரண்' என்ற ஒரே தலைப்பின் கீழ் இருக்கின்றன. மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே தமிழ்ப் பொருள். அப்படியானால் எதைப் போடுவது? பொருள் மட்டும் தெரிந்தவள் குலுக்கல் சீட்டுதான் எடுக்க வேண்டும்.

இலக்கணம் தெரிந்தால் குலுக்க வேண்டாம். கோட்டுக்குப் பின்னால் இருப்பது 'தி ஹெவி ரெயின்' என்ற வெறும் பெயர்த்தொடர், வினை இல்லை. 'ஆல்தோ' தன் பின்னால் எழுவாய், வினை இரண்டையும் கேட்கும். ஆகவே அது போயிற்று. 'ஹவெவர்' முழு வாக்கியத்தின் தலையில் கமாவோடு உட்காரும், முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இருக்கும். அதுவும் போயிற்று. மிச்சம் டிஸ்பைட், பிகாஸ் ஆஃப். இரண்டும் பெயரை ஏற்பவை. இங்கேதான் பொருள் வருகிறது: மழையால் ரயில் நேரத்துக்குக் கிளம்பாது, மழை இருந்தும்தான் கிளம்பும். விடை டிஸ்பைட்.

இணைப்புச் சொல் கேள்வி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இப்படி வேஷம் போட்ட இலக்கணக் கேள்விதான். 'நோ சூனர்' வந்தால் 'தேன்' (than) வரும், 'ஹார்ட்லி' வந்தால் 'வென்' வரும், 'லெஸ்ட்' வந்தால் 'ஷுட்' என்று எஸ்.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இவை எந்தக் கட்சி? எனக்குத் தெரிந்து இரண்டிலும் உறுப்பினர் அட்டை வைத்திருக்கின்றன.

பிழை கண்டுபிடிக்கும் கேள்வியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது முழுக்க இலக்கணம். இணைப்புச் சொல் அங்கே வருவது பெரும்பாலும் இரட்டைப் போடலாகத்தான்: 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' போடுவது, 'பிகாஸ்' என்று தொடங்கி நடுவில் 'ஸோ' போடுவது. இதற்கு மட்டும் எந்த விதியும் படிக்க வேண்டாம் என்று இருவரிடமும் சொன்னேன். தமிழில் சொல்லிப் பாருங்கள். "மழை பெய்தாலும், ஆனால் வந்தான்." "மழை பெய்ததால், அதனால் வரவில்லை." காதே தடுத்துவிடும்.

சரி, அந்த ஜெராக்ஸ் தாளைக் குப்பையில் போட்டுவிடலாமா? கூடாது. நீண்ட பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் இடத்தில் தோழியின் பென்சில் முனை மழுங்கிவிடுகிறது. அங்கே வரிசை ஏற்கெனவே சரியாக இருக்கிறது, 'எ', 'தி' பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எழுத்தாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றுதான் கேட்பார்கள். பத்தி முழுக்க ஒரு திட்டத்தைப் புகழ்ந்துவிட்டு, கடைசிக்கு முந்தைய வரியில் 'ஹவெவர்' அல்லது 'யெட்' போட்டுத் திரும்பியிருப்பார். அவருடைய சொந்தக் கருத்து பெரும்பாலும் அந்தத் திருப்பத்துக்குப் பின்னால்தான். 'ஃபார் எக்ஸாம்பிள்' என்று தொடங்கும் வரியை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம், கேள்வியில் அதைக் கேட்டிருந்தால் திரும்பி வந்தால் போதும். தோழி அப்படித் தாண்டத் தெரியாமல் எல்லா வரியையும் ஒரே வேகத்தில் படித்து, அந்த வாரம் இரண்டு கேள்விகளைத் தொடாமலே விட்டாள். அக்கா மகளின் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்.

நாமே எழுதும் பகுதி வேறு கதை. சி.ஜி.எல்.லில் கட்டுரை எழுதும் மூன்றாம் கட்டத்தை 2022 தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள், தோழிக்கு அந்தக் கவலை இல்லை. வங்கி அதிகாரித் தேர்வுகளின் முதன்மைக் கட்டத்தில் அது இன்னும் இருக்கிறது. அக்கா மகள் எழுதிய கடிதத்தில் முதல் பத்தி 'ஃபர்ஸ்ட்லி', அடுத்தது 'மோரோவர்', அதற்கடுத்தது 'ஃபர்தர்மோர்', பிறகு 'இன் அடிஷன்'. ஆள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் விசில் மட்டும் ஊதுகிற கண்டக்டர் மாதிரி இருந்தது. 'மோரோவர்' போட்ட இடத்தில் புதிதாக எதுவும் சேரவில்லை, முந்தின வரியையே வேறு சொல்லில் சொல்லியிருந்தாள்.

வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்துப் பகுதிக்கு நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை. அதில் ஒன்று கருத்துத் தொடர்ச்சியும் இணைப்பும். இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போடுவது அங்கே 5-ஆம் பேண்டுக்கான (மதிப்பெண் நிலைக்கான) குறைகளில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. நிறையப் போட்டால் நிறைய மதிப்பெண் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. 'திஸ் ப்ராப்ளம்', 'சச் டிலேஸ்' என்று முன் வரியைச் சுட்டிக்காட்டித் தொடங்கினாலே பாதி இணைப்பு ஆகிவிடும். அதாவது பென்சில்காரி வட்டம் போட்டுத் தேடும் அதே சொற்கள், எழுதும்போது நமக்கு ஆணியாகப் பயன்படுகின்றன.

என்னைக் கேட்டால், எஸ்.எஸ்.சி.க்கு முக்கால் பங்கு நேரம் பென்சிலுக்கு. வங்கிக்கும் கேட்டுக்கும் பென்சிலில் தொடங்கி, அது நிற்கும் இடத்தில் பட்டியல். நீண்ட பத்திக்குப் பட்டியல் மட்டும். பட்டியலைப் படிப்பதென்றால் பொருள் வாரியாகப் படிக்கக் கூடாது, பின்னால் எது வரும் என்று பார்த்துப் படிக்க வேண்டும்.

போன ஞாயிறு அந்த ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். பெயரை ஏற்பவை ஒன்றில், எழுவாயும் வினையும் கேட்பவை ஒன்றில், தனியாகக் கமாவோடு நிற்பவை ஒன்றில். நூற்றுச் சொச்சம் சொற்களில் பாதிக்கு மேல் கழித்துவிட்டார்கள், யாரும் தேர்வில் கேட்காதவை. இருவரும் முதல் முறையாக ஒரே பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். 'சின்ஸ்' வரும்வரை. 'சின்ஸ் மார்னிங்' என்று பெயரையும் ஏற்கிறது, 'சின்ஸ் இட் ரெயின்ட்' என்று வினையையும் கேட்கிறது, எந்தக் கட்டத்தில் போடுவது? நான் காபி போட எழுந்து போய்விட்டேன்.