காண்டாக்ட் லென்ஸ் பயண செட்: பாட்டிலுக்காக வாங்கலாம்

கைப்பையில் போகும் திரவம் பொதுவாக 100 மில்லிக்கு மேல் கூடாது என்பது பல விமான நிலையங்களில் இன்னும் இருக்கிற விதி. உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதல்ல, பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. அடியில் நாலு சொட்டு கிடக்கும் 355 மில்லி பாட்டிலும் பெரிய பாட்டில்தான். அதனால்தான் இந்த செட்டை வாங்கினேன்: லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷன் 60 மில்லி, லென்ஸ் டப்பா, முகம் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, ஒரு காலிக் குப்பி.

பாட்டிலைக் குறை சொல்ல முடியாது. மூடி டக்கென்று பூட்டிக்கொள்கிறது, விமானத்தில் கசியவில்லை. டப்பாவின் வலது மூடியில் எழுத்து புடைத்திருக்கிறது. விளக்கை அணைத்த பிறகும் விரலால் தடவியே எது எந்தக் கண் என்று தெரிந்துவிடும். யோசித்துச் செய்திருக்கிறார்கள். கண்ணாடி சுத்த வேஸ்ட், முகத்தைக் கோணலாகக் காட்டுகிறது.

எனக்குக் கோபம் அந்தக் காலிக் குப்பி மேல்தான். வீட்டிலுள்ள பெரிய பாட்டிலிலிருந்து அதில் ஊற்றிக்கொள்ளலாமாம்! ஷாம்புவுக்குச் சரி. லென்ஸ் சொல்யூஷனை வேறு குப்பிக்கு மாற்றினால் கிருமி சேரும், கண்ணில் தொற்று வரும். அதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், ஹைட்ரஜன் பெராக்சைடு வகை சொல்யூஷன் பயன்படுத்துபவர்களுக்கு இந்த டப்பா ஆகாது. அதற்கென்று வரும் தனி டப்பாதான் வேண்டும், இல்லாவிட்டால் கண் எரிந்துவிடும்.

இரண்டு நாள் பயணம்தான் என்றால் இந்த செட்டே தேவையில்லை. ஒரு நாள் போட்டுவிட்டுத் தூக்கி எறியும் தினசரி லென்ஸ் நாலைந்து போதும்.