வேலைப் பெயர்களைப் படிக்கக் கற்றுத்தரும் நான்கு ஞாயிறுகள்: குழித்துறை வகுப்பைப் பற்றி ஒரு தாயின் மதிப்பீடு

குமரி மாவட்டத்துக் குழித்துறையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, மென்பொருள் துறையில் வழங்கும் வேலைப் பெயர்களை விளக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது. மொத்தம் நான்கு வாரம். கட்டணம் 1,800 ரூபாய். மாணவருடன் பெற்றோர் ஒருவர் கட்டணம் இல்லாமல் வந்து உட்காரலாம். பொறியியல் இறுதியாண்டு படிக்கும் என் மகளுடன் நான்கு வாரமும் நான் போயிருந்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவள் என்பதால், சொல்லப்படும் பொருளோடு சொல்லும் முறையையும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வகுப்பைத் தேடிப் போனதற்குக் காரணம் என் அண்ணன் மகன். கல்லூரி முடித்த கையோடு அவனுக்கு எல்லைக்கு அப்பால், கேரளத்தில் ஒரு நிறுவனத்தில் ‘சாஃப்ட்வேர் அசோசியேட்’ என்ற பெயரில் வேலை கிடைத்தது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். சேர்ந்த பிறகுதான், இரவு முழுவதும் வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு சாட்டில் பதில் எழுதுவதே அவன் வேலை என்று தெரிந்தது. அந்த வேலையில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அதுதான் வேலை என்று யாரும் அவனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவனுக்கும் கேட்கத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுக்கு விலகமாட்டேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்திருந்ததால் இடையில் வெளியேறவும் முடியவில்லை. பிறகு வேறு நிறுவனத்தின் நேர்காணலில் ‘இதுவரை என்ன கோடு எழுதினீர்கள்’, அதாவது என்ன நிரல் எழுதினீர்கள் என்று கேட்டபோது அவன் வாய் திறக்காமல் திரும்பி வந்த நாள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. என் மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதே என் எண்ணமாக இருந்தது.

வகுப்பை நடத்துபவர்கள் கணவனும் மனைவியும். இருவரும் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில், 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் என்ற மென்பொருள் பூங்காவில் வேலை செய்கிறார்கள். வாரநாட்களில் விடியற்காலை ரயிலில் போய் இரவு திரும்பும் நம் ஊர்க் கூட்டத்தில் அவர்களும் உண்டு. வகுப்பில் நாங்கள் சார் என்று அழைக்கும் கணவர், செயலியின் பின்னணி நிரலை எழுதும் பேக்எண்ட் டெவலப்பர். டீச்சர் என்று அழைக்கும் மனைவி, பதினான்கு ஆண்டுகளாக மென்பொருளைச் சோதித்துப் பிழை தேடும் டெஸ்டிங் துறையில் இருப்பவர். பேச்சுத் தமிழிலேயே நடத்துகிறார்கள், அவசரத்தில் நடுவே மலையாளம் வந்து விழுகிறது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது இடைஞ்சலே இல்லை.

முதல் வாரத்தில் அவர்கள் எந்தப் பட்டியலையும் பலகையில் எழுதவில்லை. பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் ஒரு செயலியில் பயணியின் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை என்ற ஒரே புகாரை எடுத்துக்கொண்டு, அது யார் யார் கையில் எப்படிப் போகிறது என்று மூன்று மணி நேரமும் பின்தொடர்ந்தார்கள். மாணவர்களுக்கு ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. அதில் எழுதியிருக்கும் பெயருக்கு உரியவர் என்ன செய்வார் என்பதை அந்த மாணவரே எழுந்து சொல்ல வேண்டும்.

புகாரை முதலில் வாங்குபவர் சப்போர்ட் இன்ஜினீயர். அவர் பதிவேடுகளைப் பார்த்து, இது பயணியின் கைப்பிழையா, செயலியின் பிழையா என்று பிரிக்கிறார். அதே பிழையைத் திரும்பத் திரும்ப நிகழ்த்திக் காட்டி, எந்தச் சூழலில் அது தோன்றுகிறது என்று உறுதி செய்பவர் டெஸ்டர். இந்தக் கதையில், இருக்கையைப் பத்து நிமிடம் பிடித்து வைக்கும் சர்வர் (செயலிக்குப் பின்னால் இயங்கும் மையக் கணினி), நேரம் முடிந்ததும் அதை விடுவித்துவிடுகிறது; பணம் செலுத்தியதற்கான உறுதிச் செய்தி வங்கியிலிருந்து பதினோராவது நிமிடத்தில் வருகிறது; தாமதமாக வந்த செய்தியை என்ன செய்வது என்று நிரலில் யாரும் எழுதி வைக்கவில்லை. அதை எழுதிச் சரிசெய்வது பேக்எண்ட் டெவலப்பரின் பொறுப்பு. நேரம் ஓடிக்கொண்டிருப்பதைத் திரையில் பயணிக்குத் தெளிவாகக் காட்டுவது ஃப்ரண்ட்எண்ட் டெவலப்பரின் பொறுப்பு. இரண்டையும் செய்பவரை ஃபுல்ஸ்டாக் என்கிறார்கள். ஆனால் பத்து நிமிடத்தைப் பதினைந்தாக நீட்டுவதா, அல்லது பணத்தைத் தானாகத் திருப்பி அனுப்புவதா என்ற முடிவு இவர்கள் யாருடையதும் அன்று. அது ப்ராடக்ட் மேனேஜரிடம் போகிறது. வேறொரு நிறுவனத்துக்காகச் செயலியைச் செய்து கொடுக்கும் இடமாக இருந்தால், அந்த வாடிக்கையாளரிடம் பேசி விதியை எழுத்தில் வாங்கி வருபவர் பிசினஸ் அனலிஸ்ட். திருத்திய நிரலை, ஓடிக்கொண்டிருக்கும் சேவை நிற்காமல் சர்வரில் ஏற்றும் ஏற்பாடு டெவ்ஆப்ஸ் இன்ஜினீயரின் கையில் இருக்கிறது.

என் மகளுக்கு டெஸ்டர் சீட்டு விழுந்தது. முகம் சுருங்கி எழுந்தவள், சற்று யோசித்துவிட்டு, “பணம் அனுப்பும் நேரத்தில் ஃபோன் சார்ஜ் தீர்ந்துபோனால் என்ன ஆகும் டீச்சர்?” என்று கேட்டாள். டீச்சர், “மக்களே, இந்தக் கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம்” என்றார். டெஸ்டிங் என்றால் கோடு எழுதத் தெரியாதவர்களின் ஒதுக்கிடம் என்று கல்லூரியில் யாரோ சொன்னதை அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. சோதனைகளை நிரலாகவே எழுதும் பொறியாளர்களும் இருக்கிறார்கள் என்பதையும், மைக்ரோசாஃப்ட் பல ஆண்டுகள் அதற்கெனத் தனிப் பெயரே வைத்திருந்தது என்பதையும் அடுத்த வாரம் விளக்கினார்.

பெற்றோருக்கு மிகவும் பயன்பட்டது இரண்டாவது வாரம். கல்லூரியிலிருந்து நேரே சேர்பவர்களுக்கு டி.சி.எஸ்-இல் ‘அசிஸ்டன்ட் சிஸ்டம் இன்ஜினீயர் டிரெய்னி’, இன்ஃபோசிஸில் ‘சிஸ்டம்ஸ் இன்ஜினீயர்’, விப்ரோவில் ‘ப்ராஜெக்ட் இன்ஜினீயர்’, காக்னிசன்டில் ‘ப்ரோக்ராமர் அனலிஸ்ட் டிரெய்னி’ என்று பெயர்கள் வழங்கி வந்திருக்கின்றன. நான்கும் ஏறத்தாழ ஒரே படி. ‘அசிஸ்டன்ட்’ என்ற சொல்லைப் பார்த்துத் தாழ்வு என்றும், ‘அனலிஸ்ட்’ என்ற சொல்லைப் பார்த்து உயர்வு என்றும் கல்யாண வீடுகளில் நாம் பேசிக்கொள்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவில் ‘மெம்பர் டெக்னிக்கல் ஸ்டாஃப்’ என்ற பெயர் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பெரிய பெரிய கண்டுபிடிப்பாளர்கள் தாங்கிய பெயர் அது.

படிநிலை எண்களும் இப்படித்தான். புதிதாகச் சேரும் பொறியாளருக்கு கூகுளில் எல் 3, அமேசானில் எல் 4, மைக்ரோசாஃப்டில் 59. எண்ணை வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிடவே முடியாது. அந்த சார் இதற்கு நம் ஊர் உதாரணம் ஒன்று வைத்திருந்தார். தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் சேர்பவரும் பல ஆண்டுகள் பணியாற்றியவரும் ‘சயன்டிஸ்ட்/இன்ஜினீயர்’ என்ற ஒரே பெயரைத் தாங்குகிறார்கள், பின்னால் ஒட்டும் எழுத்து மட்டும் மாறுகிறது. பெயர் துறையைக் காட்டும், எழுத்து படியைக் காட்டும். இரண்டையும் தனித்தனியே படிக்க வேண்டும். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது தும்பா வேலை பார்த்தவர் இருக்கும் எங்கள் ஊரில் இது உடனே புரிந்தது.

சில பெயர்கள் என் மகள் பிறந்த காலத்தில் வழக்கிலேயே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. டெவ்ஆப்ஸ் என்ற சொல் 2009-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த ஒரு கூட்டத்தின் வழியாகப் பரவியது. நிரல் எழுதுபவரும் சர்வரைப் பராமரிப்பவரும் தனித்தனிக் குழுக்களாக இருந்து ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்ததே அதற்குக் காரணமாம். ‘ஸ்க்ரம் மாஸ்டர்’ என்பவர் குழுவின் வேலைமுறை ஒழுங்காக நடக்க உதவுபவர். மாஸ்டர் என்பதால் மேலதிகாரி என்று நினைத்த பெற்றோர் வகுப்பில் என்னைத் தவிரவும் பலர் இருந்தார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் டேட்டா அனலிஸ்ட், டேட்டா இன்ஜினீயர், டேட்டா சயன்டிஸ்ட் ஆகிய மூன்றையும் ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டார்கள். இன்றைய விளம்பரங்களில் அதிகமாகக் குழப்புபவை இவையே என்பதால் அந்த அவசரம் சரியில்லை. கையில் தரும் குறிப்பேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வகுப்பைத் தமிழில் கேட்டு மகிழ்ந்த தாய்மார்கள் வீட்டில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஒப்பந்த வேலையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாதது. பெரிய நிறுவனத்தின் வளாகத்தில் உட்கார்ந்து வேலை செய்தாலும், சம்பளம் தருவது ஆள் அனுப்பும் வேறொரு நிறுவனமாக இருக்கலாம்; வேலைப் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேறுபாடு அதில் தெரியாது. கடைசி வாரம் நான் எழுந்து கேட்ட பிறகுதான் இருபது நிமிடம் அதற்கு ஒதுக்கினார்கள். அடுத்த முறை பாடத்திலேயே சேர்ப்பதாகச் சொன்னார்கள். சேர்க்க வேண்டும்.

ஆனாலும் கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைத்தது என்று மனமார எழுதுகிறேன். மார்ச் மாதம் என் மகளுக்கு இரண்டு இடங்களிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தது. பழைய வழக்கப்படியானால் எந்தப் பெயர் பெரிது என்று பார்த்திருப்போம். இம்முறை அவள் இரண்டு நிறுவனங்களுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினாள்: முதல் ஆறு மாதம் நான் நாள்தோறும் செய்யப்போகும் வேலை என்ன, நான் யாருக்குக் கீழே இருப்பேன், என் சம்பளம் எந்த நிறுவனத்தின் பெயரில் வரும். ஒரு நிறுவனம் மறுநாளே மூன்றுக்கும் தெளிவாகப் பதில் அனுப்பியது. இன்னொன்றில், ‘சேர்ந்த பிறகு தெரிவிக்கப்படும்’ என்று ஒரு வரி வந்தது. அவள் முதல் நிறுவனத்துக்குச் சம்மதம் எழுதினாள். பதவியின் பெயர் ‘டிரெய்னி டெஸ்ட் இன்ஜினீயர்’.

இறுதியாண்டு மாணவர்களும், வேறு துறையிலிருந்து மென்பொருளுக்கு மாற நினைப்பவர்களும் போகலாம். ஏற்கெனவே இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக அதிகம் இல்லை. ஒரு தொகுதிக்கு இருபது பேருக்குமேல் சேர்ப்பதில்லை, அடுத்த தொகுதி ஓணம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. பெற்றோரும் வருவதாக இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். கீழ்வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட அவர்களுக்கு நேரம் வேண்டும்.