வடு விழாத சுத்தி: ஆறு வருஷம் தட்டிப் பார்த்ததில்

முதலில் வாங்கியது கறுப்பு ரப்பர் சுத்தி. மெத்தென்று இருக்கிறது, ஜாப்பில், அதாவது வேலை செய்யும் உலோகத் துண்டில், வடு விழாது என்று நம்பினேன். வடு விழவில்லைதான். ஆனால் அடித்த இடமெல்லாம் கறுப்புத் தீற்றல். அதைவிடப் பெரிய தொல்லை, அது எகிறுவது. மில்லிங் மெஷினில் ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் அதை உட்கார வைக்கத் தட்டினால் சுத்தியோடு ஜாப்பும் துள்ளும். ஜாப்பைச் சமமாகத் தாங்க அடியில் வைத்த பேரலல்கள் (ஒரே உயரமுள்ள இரும்புப் பட்டைகள்) விரலால் தள்ளினாலே நகரும், அதாவது ஜாப் சரியாக உட்காரவில்லை. எத்தனை தடவை தட்டினாலும் இதே கதை.

அதன் பிறகுதான் 'டெட் ப்ளோ' சுத்திக்கு மாறினேன். அதன் தலைக்குள் பொள்ளல், அதில் பாதி அளவுக்கு இரும்புக் குண்டுகள். சுத்தியின் முகம் (அடிக்கும் பரப்பு) ஜாப்பைத் தொட்ட மறுகணம் குண்டுகள் முன்னே வந்து மோதி, எகிறப் போகும் வேகத்தை விழுங்கிவிடுகின்றன. ஓங்கி அடிக்கவே வேண்டாம். அளவாக ஒரு தட்டு, பேரலல் அசையாது. தட்டிய பிறகு வைஸை மறுபடி முறுக்காதீர்கள். நகரும் தாடை ஜாப்பைத் தூக்கிவிடும். இதைக் கற்றுக்கொள்ள நான் வீணாக்கிய ஜாப்கள் கொஞ்சமல்ல.

இரண்டாம் வருஷம், அலுமினியத் தகட்டில் திடீரென்று கீறல்கள். சுத்தியைத் திருப்பிப் பார்த்தால் முகம் முழுக்க பொடிப்பொடியாக இரும்புச் சீவல் பதிந்திருந்தது. மென்மையான முகம் எதையும் உள்வாங்கிக்கொள்ளும். அது பிறகு அரத்தைப் போல வேலை செய்யும். அன்றிலிருந்து அலுமினியத்துக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறேன், அது இரும்பைத் தொடுவதே இல்லை. மற்றதை வாரம் ஒருமுறை ஊசியால் குத்திச் சுத்தம் செய்கிறேன். தின்னர் துணியால் துடைக்க வேண்டாம், முகத்தின் பாலியூரித்தேன் பிளாஸ்டிக் ஊறிப் பிசுபிசுத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

இறுகிப்போன ஷாஃப்ட்டைத் தட்டி எடுக்க இதெல்லாம் உதவாது. அதற்கு 40 மி.மீ. செம்புக் கம்பியை லேத்தில் கடைந்து, மரை போட்டுக் கைப்பிடி மாட்டிக்கொண்டேன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அடி கனமாக இறங்கும், நசுங்குவது செம்பு, ஷாஃப்ட் அல்ல. அடிக்க அடிக்கச் செம்பு இறுகிக் கடினமாகும். கைப்பிடியைக் கழற்றிவிட்டு மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் பழையபடி இளகிவிடும். விளிம்பில் குடை விரிந்தால் உடனே அரத்தால் ராவிவிட வேண்டும், இல்லையென்றால் சில்லு தெறிக்கும். பித்தளை இன்னும் கடினம், அலுமினியத்தில் நிச்சயம் பள்ளம் விழும். பேரிங் பக்கத்தில் இரண்டையும் யோசித்தே எடுக்கிறேன். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் பேரிங் போயிற்று.

முகத்தைக் கழற்றி மாற்றும் நைலான் சுத்தி கவர், புல்லி வேலைகளுக்கு நன்றாகவே இருக்கிறது, ஆனால் முகம் தளர்கிறதா என்று அவ்வப்போது முறுக்கிப் பார்க்க வேண்டும். ஈயச் சுத்தியை மட்டும் நான் வாங்கவே இல்லை. அடிக்கும்போது உதிரும் ஈயம் கையில் ஒட்டி, சாப்பாட்டோடு உடம்புக்குள் போகும்.